விட்டுப்போன மூன்றாவது வசனம்

24.06.1998 புதன்

இன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து ஆறாம் நாள்.

காலையில் முக்கால் மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். முக்கக் கூடாதாம், முக்கினால் உள்ளே இரத்தம் கசியுமாம். முக்காமல் வரவேண்டுமென்றால் அது தானாக நினைத்துத்தான் வரவேண்டும். அது நினைக்கிற மாதிரித் தெரியவில்லை. வயிறு மட்டும் மத்தளம்.

புரொஸ்ரேற் ஒப்பரேசனுக்கு என்று போனால் எல்லோருக்கும் சலத்தைப் பற்றித்தான் கவலை. சலம் போகுதோ, எரியுதோ, நிறம் என்ன என்று நேர்சு முதல் விறாந்தை கூட்டுகிற மனுசி வரை கேட்டார்கள். பின்பக்கத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இல்லை, அது பொய். ஒப்பரேசன் செய்த சேர்ஜன் சொன்னவர். அதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது மனமில்லை.

என் மனுசி சரோ கதவடியில் நின்று, "இஞ்சேருங்கோ, உள்ளுக்கை விழுந்து கிழுந்து போனியளோ?" என்றாள். "ஷேவ் எடுக்கிறன்" என்றேன். வெளியே வந்தபோது தாடி அப்படியே இருந்தது. அவள் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

25.06.1998 வியாழன்

மத்தியானம்: குத்தரிசிச் சோறு, சரக்குத்தூள் போட்ட பாரைமீன் கறி, சுட்ட உள்ளி. இரவு: அதே கறி, இடியப்பம். நாளைக்கும் அதுதான். பத்தியம்!

கீரை குளிராம். வாழைப்பழம் சளியாம். பப்பாப்பழம் சூடாம். கத்தரிக்காய் கிரந்தியாம், காயம் புழுத்துவிடுமாம். பருப்பு வாய்வாம். தண்ணீர் கூடக் குடித்தால் வயிற்றுத் தையலில் ஈரம் பிடிக்குமாம். ஆகவே கொதித்தாறிய தண்ணீர் ஒரு செம்பு, அதுதான் ஒரு நாளைக்கு. பப்பாப்பழக்காரன் லேனுக்குள்ளால் கூவிக்கொண்டு போகிறான், நான் யன்னலில் நின்று பார்க்கிறேன்.

உண்மையைச் சொன்னால் அந்தச் செம்புத் தண்ணீரையும் நான் முழுக்கக் குடிப்பதில்லை. சலக் குழாயைக் கழற்றிய நாளிலிருந்து இரண்டு மிடறு கூடிவிட்டால் போதும், இருமும்போது சாரம் நனைகிறது. ஐம்பத்தேழு வயதில் குழந்தைப்பிள்ளையைப் போல. பல்கனியிலுள்ள குரோட்டனுக்கு மிச்சத்தை ஊற்றிவிடுகிறேன். குரோட்டன் நன்றாக இருக்கிறது.

27.06.1998 சனி

சிவானந்தன் ரெலிபோன் எடுத்தார். வேலுசாமி வழக்கில் எதிரிக்காக, அதாவது வேலுசாமிக்காக, வாதாடுகிற சட்டத்தரணி.

"அண்ணை, பதினைஞ்சாம் திகதி வருவியள் தானே?"

"லீவு பதினாலோடை முடியுது. வராமல்?"

"நீங்கள் வராட்டி நீதிபதி தள்ளிப்போடுவார் அண்ணை. பிறகு நவம்பரிலைதான் தவணை கிடைக்கும். வேலுசாமி உள்ளுக்கை போய்ப் பதினாலு மாசம்."

எனக்குப் பதிலாக மொழிபெயர்க்கப் போட்டிருக்கிற கோட்டு முதலியார், சாட்சி மூன்று வசனம் சொன்னால் ஒன்றைச் சொல்கிறாராம். அவரை வைத்து இந்த வழக்கை நடத்த நீதிபதிக்கே விருப்பமில்லை. புதுக்கடைக் கோட்டில் முப்பத்தொரு வருடமாகத் தமிழ்ச் சாட்சிகளுக்குச் சிங்களத்தில் வாயாக நிற்கிறேன். இது எனக்குப் பெருமையாக இருக்கவேண்டும். இருக்கவில்லை. வயிறு நோகிறது.

வழக்கு இதுதான். வேலுசாமி கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போட்டவர். போன வருடம் ஏப்ரல் ஒன்பதாம் திகதி புறக்கோட்டையில் ஒரு வெடிமருந்துப் பெட்டியைக் கைமாற்றியதாகக் குற்றச்சாட்டு. கண்டேன் என்று சொல்ல ஒரு சாட்சி உண்டு. அன்று முழுக்க அவர் வீட்டில் வருத்தம் பிடித்து எழும்ப ஏலாமல் கிடந்தார் என்று சொல்லப் பெண்சாதி ராக்கம்மா மட்டும்தான். மே மாதம் அவளைச் சாட்சிக் கூட்டில் ஏற்றினார்கள். "அவருக்கு ஒடம்புக்கு முடியலீங்க" என்றாள். பெயர்த்துச் சொன்னேன். "என்ன வருத்தம்?" என்றார் அரச சட்டத்தரணி. கேட்டேன். அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். மூன்று தரம் கேட்டும் ஒரு சொல் இல்லை. நேரம் போய்விட்டது, ஒத்திவைத்தார்கள்.

"படிச்சுப் படிச்சுச் சொல்லியாச்சு அண்ணை. தலையாட்டுறா. கூட்டிலை ஏறினால் வாயைப் பூட்டிக்கொள்ளுறா. இதிலை என்ன வெக்கம் எண்டு எனக்கு விளங்கேல்லை. அந்த மனுசனுக்கு அண்டைக்கு—"

"சொல்லாதையும்! சாட்சி கூட்டிலை நிண்டு சொன்னால்தான் எனக்குத் தெரியவேணும்."

வைத்துவிட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை. ஒரு மனுசன் வெளியில் வருவதும் நவம்பர் வரை உள்ளே கிடப்பதும் என் குடலில் வந்து நிற்கிறது. அரை மணித்தியாலம் ஒழுங்காக நிற்க ஏலாதவன் கோட்டில் எப்படி நிற்பது?

28.06.1998 ஞாயிறு

சரி, எழுதிவிடுகிறேன்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று சேர்ஜன் கட்டிலடியில் நின்று இங்கிலீசில் நாலு விசயம் சொன்னார். ஒன்று, பாரம் தூக்கக் கூடாது. இரண்டு, தையல் நனையாமல் குளிக்கவேண்டும். மூன்று, நோவுக்குத் தரும் மருந்து குடலைக் கட்டிப்போடும், மலம் இறுகும், முக்கக் கூடாது. ஆகவே பத்துக் கிளாஸ் தண்ணீர், பப்பாப்பழம், கீரை, மரக்கறி, மூன்று நாளில் போகாவிட்டால் சிரப். நாலு, ஒரு மாதத்தில் வந்து காட்டவேண்டும்.

சரோவுக்கு இங்கிலீசு வராது. "என்னவாம்?" என்று என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றாவதைச் சொன்னேன். இரண்டாவதைச் சொன்னேன். நாலாவதைச் சொன்னேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் தமிழர், பெரிய உத்தியோகம் பார்த்தவர். அவருடைய மருமகள் ஹோர்லிக்ஸ் கரைத்துக்கொண்டு நின்றாள். அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. "சாப்பாடு என்னவாம்?" என்று சரோ திரும்பவும் கேட்டாள். "வழமையான சாப்பாடு தானாம்" என்றேன்.

வெட்டின உடம்புக்குச் சரோவின் ஆட்களிடம் வழமை என்றால் பத்தியம். வேறு என்ன? அவளில் என்ன பிழை?

கொலை வழக்கு, கூடாத வழக்கு எல்லாவற்றிலும் சாட்சி சொன்ன தூசண வார்த்தையைக்கூட எழுத்துப் பிசகாமல் நீதிபதிக்குச் சொன்னவன் நான். ஒரு சொல்லை விழுங்கினால் அது பொய்ச் சத்தியம் என்று புதிதாக வருகிற முதலியார்மாருக்குப் பாடம் எடுக்கிறவன். தூ.

இப்போது போய்ச் சொல்லலாம்தானே? சொன்னால், "அப்ப ஒன்பது நாளாய் ஏன் வாய் திறக்கேல்லை?" என்பாள். நாளாக ஆகச் சொல்வது இன்னும் கஷ்டமாகத்தான் போகிறது.

02.07.1998 வியாழன்

நேற்றுப் பின்னேரம் போனது. ஆட்டுப் புழுக்கை, நாலே நாலு. கூடவே ஒரு சொட்டு இரத்தம். பயந்துபோனேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

04.07.1998 சனி

பேப்பர் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு காலி வீதிக்கு இறங்கி மக்கீனின் பாமசிக்குப் போனேன். இருநூறு மீற்றர் தூரம். நடுவில் செக்பொயின்ற். அடையாள அட்டையை நீட்டினால், ஆமிக்காரன் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "கதிர்காமநாதன்" என்று ஒவ்வொரு எழுத்தாக வாசித்து, பொலிஸ் பதிவுத் துண்டையும் கேட்டான். அது வீட்டில். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறேன். ஒப்பரேசன் என்று சிங்களத்தில் சொல்லிச் சேர்ட்டைத் தூக்கித் தையலைக் காட்டினேன். முகத்தைச் சுளித்துவிட்டு, "யன்ன மாத்தயா, யன்ன" என்று போக விட்டுவிட்டான். வயிற்றைக் காட்ட வெட்கமில்லை, பார்.

மக்கீனிடம் மெல்லக் குனிந்து, "ஒரு சிநேகிதருக்கு... போகுதில்லையாம்" என்றேன்.

"எத்தின நாளாம் முதலியார், செல்லுங்க?"

"அஞ்சாறு."

"சிரப் ஒண்டு ஈக்கி. ராவைக்கி ரெண்டு கரண்டி, அதுக்கு மேல வாணாம். நல்லாத் தண்ணி குடிக்கச் செல்லுங்க உங்கட சிநேகிதர." சிரிக்காமல் சொன்னான். நல்ல மனுசன். எனக்குத்தான் எரிச்சல் வந்தது.

போத்தலைச் சட்டப் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

06.07.1998 திங்கள்

கீழ் வீட்டு மனுசி சுகம் விசாரிக்க வந்து ஒரு மணித்தியாலம் இருந்தா. சிரப் வேலை செய்கிறதோ இல்லையோ காற்று மட்டும் தாராளம். சத்தத்தை மறைக்க இருமினேன். இருமினால் சலம் கசிகிறது. எந்த மானத்தைக் காப்பாற்றுவது? "பாவம், ஒப்பரேசனோடை நெஞ்சுச் சளியும் பிடிச்சிட்டுது" என்று அவ சரோவிடம் சொல்லிவிட்டுப் போனா. இரவுச் சாப்பாட்டில் உள்ளி இரண்டு மடங்கு.

10.07.1998 வெள்ளி

கோட்டுக்கு ஒத்திகை பார்த்தேன். மணிக்கூட்டை முன்னால் வைத்து அறைக்குள் நின்றேன். முப்பத்தைந்து நிமிடத்தில் அடிவயிறு கல்லாய்க் கனத்தது. இருந்துவிட்டேன். ஆத்திரத்தில் கண்ணீர் வந்தது. என்ன சென்மம் இது!

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டு சரோ கேட்டாள்: "சும்மா ஒண்டு கேக்கிறன். உங்களுக்கு வயித்தாலை ஒழுங்காய்ப் போகுதே?"

"ஓம், ஓம்."

"உண்மையாவோ?"

"ஓம் எண்டு சொன்னால் ஓம் தானே! கோட்டிலையே என்னை இப்பிடிக் குறுக்கு விசாரணை செய்ய ஆளில்லை!"

அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பிழை என்னுடையது, கத்தினதும் நான்.

12.07.1998 ஞாயிறு

ராக்கம்மாவை நினைத்துக்கொண்டு கிடந்தேன். மே மாதம் அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குச் சினம் வந்தது. புருசனுடைய சீவன் ஊசலாடுகிறது, ஒரு வருத்தத்தின் பெயரைச் சொல்ல இந்த மனுசிக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. கோடு நிறைய ஆம்பிளையள். நான் என்னுடைய மனுசிக்கே சொல்லவில்லை.

என்ன வருத்தமென்று ஒரு ஊகம் வருகிறது. வந்தாலும் என்ன? சாட்சிக்கு ஒரு சொல் எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. கண்ணைக் காட்டக்கூட உரிமையில்லை.

14.07.1998 செவ்வாய்

நாளைக்குக் கோடு. நாலு நாளாகத் திரும்பவும் இல்லை. இந்தக் கல்லோடு நாளைக்கு நிற்க முடியாது. இரண்டு கரண்டிக்குப் பதிலாக ஐந்து கரண்டி குடித்தேன். மக்கீன் மன்னிக்கவேண்டும்.

15.07.1998 புதன்

எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதவேண்டும்.

காலையில் சரோ தந்த கசாயம் என்றுமில்லாத கசப்பு. பேசாமல் குடித்தேன். ஓட்டோவில் கொள்ளுப்பிட்டி தாண்டும்போது அடிவயிற்றில் ஒரு புரட்டு. புதுக்கடை வருவதற்குள் இன்னொன்று. கோட்டுக்குப் போனதும் ஓடினேன், ஏதோ கொஞ்சம் போனது. அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். அது தொடக்கம்தான் என்று எனக்குத் தெரியவில்லை.

பத்தே முக்காலுக்கு ராக்கம்மா கூட்டில் ஏறினாள். வேலுசாமி எதிரிக் கூட்டில், எலும்பும் தோலுமாக. அரச சட்டத்தரணி மே மாதம் விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார். "உமது கணவருக்கு அன்று என்ன வருத்தம்?"

கேட்டேன். நிலத்தைப் பார்த்தாள்.

"வருத்தமென்று சொன்னது பொய். அதனால்தான் பெயர் சொல்ல முடியவில்லை. சரிதானே?"

அதையும் கேட்டேன். தலைப்பைச் சுருட்டினாள். அப்போதுதான் எனக்கு வந்தது. வயிறு முழுவதும் ஒரேயடியாகக் கீழே இறங்கியது. பிடித்துக்கொண்டேன். நெற்றி வேர்த்து, மூக்கு நுனியால் வேர்வை சொட்டி, மேசையைப் பிடித்த கை வழுக்கியது. இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் என் கதை அந்தக் கோட்டிலேயே முடிந்திருக்கும்.

"மை லோட், பத்து நிமிடம் தரவேண்டும். எனக்குச் சுகமில்லை" என்று சிங்களத்தில் சொன்னேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "முதலியாருக்கு ஒப்பரேசன் நடந்தது தெரியும். சுகமில்லாவிட்டால் கஷ்டப்பட வேண்டாம். வழக்கை நவம்பருக்குத் தள்ளுவோம்." பேனையை எடுத்துவிட்டார்.

நவம்பர்! எதிரிக் கூட்டைப் பார்த்தேன். சுகமில்லை என்று பூசி மெழுகினால் அந்த மனுசன் இன்னும் நாலு மாதம். சத்தமாகச் சொன்னேன்: "வேண்டாம் மை லோட். வேறொரு வருத்தமுமில்லை. வயிற்றால் போகிறது. கக்கூசுக்குப் போய்வரப் பத்து நிமிடம் போதும்."

கோடு கொல்லென்று சிரித்தது. சிவானந்தன் தலையைக் கோப்புக்குள் புதைத்துக்கொண்டார். அத்தோடு ஓடியிருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருடப் பழக்கம்: கோட்டில் வாய்விட்டுச் சொன்ன எதையும் சாட்சிக்கு விளங்கும் பாசையில் சொல்லவேண்டும். கால் இரண்டையும் இறுக்கிக்கொண்டு ராக்கம்மா பக்கம் திரும்பினேன்.

"முதலியாருக்குச் சுகமில்லாவிட்டால் வழக்கை நவம்பருக்குத் தள்ளுவோம் என்று நீதிபதி ஐயா சொன்னார். வேண்டாம், எனக்கு வயிற்றால் போகிறது, கக்கூசுக்குப் போய்வரப் பத்து நிமிடம் போதும் என்று முதலியார் சொன்னார்."

அவள் தலையைத் தூக்கி முதல் தரமாக என் முகத்தைப் பார்த்தாள். வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். நான் ஓடினேன்.

திரும்பி வந்து நின்றபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அரச சட்டத்தரணி அதே கேள்வியைக் கேட்டார். நான் முழுக்கப் பெயர்த்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"வயித்தால போச்சுங்கய்யா. விடியக்காலம் அஞ்சு மணியிலேருந்து. எங்க தோட்டத்து வீடு அத்தனைக்குமே கக்கூசு ஒண்ணுதாங்க, பூட்டு போட்டிருக்கும், சாவி கிளெமென்ற் அண்ணன் கிட்ட. பதினொரு தடவ நான்தான் போயி சாவி வாங்கினேன். லைன்ல நின்னவங்க எல்லாம் ஏசினாங்க. ரெண்டு தடவ அதுக்குள்ள போயிரிச்சு, சாரம் அலசிப் போட்டேன். எந்திரிச்சி நிக்க முடியாத மனுசன் எங்கிட்டுங்கய்யா புறக்கோட்டைக்குப் போவாரு?"

ஒரு சொல் விடவில்லை. சாரம் அலசினதையும் விடவில்லை. எதிரிக் கூட்டில் வேலுசாமி முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இதைச் சென்ற தவணையில் ஏன் சொல்லவில்லை?"

"வெக்கமா இருந்துச்சுங்க. இப்பதான் ஐயாவே சொல்லிட்டாருங்களே."

அதையும் நான்தான் நீதிபதிக்குச் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். அவர் தலையைக் குனிந்து நெடுநேரம் எழுதினார்.

நான் சாட்சிக்கு எடுத்துக் கொடுத்தேனா? இல்லை. கோட்டில் சொன்னதைச் சொன்னேன். அவ்வளவுதான். அவ்வளவுதானே?

16.07.1998 வியாழன்

சரோவிடம் சொல்லிவிட்டேன். சேர்ஜனின் மூன்றாவது வசனம், பத்துக் கிளாஸ் தண்ணீர், புத்தகத்துக்குப் பின்னாலுள்ள சிரப், குரோட்டன், எல்லாம்.

அவள் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து கதிரையில் இருந்தாள். "நேத்தையான் கசாயத்திலை நான் பேதிக்கு நிலாவாரை போட்டனான்" என்றாள்.

"என்ன?"

"நாப்பது நிமிசம், ஒரு மணித்தியாலம் உள்ளுக்கை இருக்கிற மனுசன் ஷேவ் எடுக்கிறார் எண்டு நம்ப நான் என்ன விசரியோ? கேட்டால் கத்துறியள். அதுதான் கேளாமல் போட்டனான்."

ஐந்து கரண்டி சிரப்பும் நிலாவாரையும்! நான் உயிரோடு இருப்பதே பெரிய காரியம். சிரிக்கப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"என்ரை கைச் சாப்பாட்டாலைதான் உங்களுக்கு இப்பிடி எண்டு ஒவ்வொரு நாளும் எவ்வளவு வேதனைப்பட்டன் தெரியுமே? முப்பத்தொரு வருசம் ஊரான் கதையெல்லாம் ஒரு சொல் விடாமல் சொன்னனீங்கள். எனக்குச் சொல்லவேண்டிய ஒரு வசனத்தை விட்டிட்டியளேயப்பா."

பிழை என்றேன். இரண்டு தரம் சொன்னேன். பின்னேரம் அவளே இறங்கிப் போய்ப் பப்பாப்பழம் வாங்கி வந்தாள்.

22.07.1998 புதன்

கக்கூசுச் சாவி வைத்திருந்த கிளெமென்ற் சாட்சி சொன்னார். பதினொரு தரமோ பன்னிரண்டோ சரியாக ஞாபகமில்லையாம். கடைசியில் சினம் வந்து, சாவியை நீங்களே வைத்திருங்கள் என்று கொடுத்துவிட்டாராம். அதற்கு அடுத்த நாள் பெரிய வெள்ளிக்கிழமைதானே என்று கேட்டு, நாளைப் பிழையாகச் சொல்லவைத்து மடக்கப் பார்த்தார் அரச சட்டத்தரணி. "பெரிய வெள்ளி முடிஞ்சு பத்து நாளுக்கு மேலை சேர், சித்திரை வருசத்துக்குத் தோட்டம் வெள்ளையடிச்ச கிழமை" என்றார் கிளெமென்ற். எனக்குத் தண்ணீர் போத்தல் வைக்க நீதிபதி அனுமதி தந்திருக்கிறார். மத்தியானத்துக்குள் இரண்டு தரம் வெளியே போய்வந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

09.08.1998 ஞாயிறு

வல்லாரைச் சம்பல், பப்பாப்பழம், ஒன்பது கிளாஸ் தண்ணீர். போனது. காற்று இன்னும் அடங்கவில்லை. சினம்தான்.

18.09.1998 வெள்ளி

விடுதலை.

தீர்ப்பு எட்டுப் பக்கம். எதிரிக் கூட்டுக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் தமிழில் சொன்னேன். கடைசி வசனத்தைச் சொன்னபோது வேலுசாமி விளங்காதவராக நின்றார். இன்னொரு தரம் சொன்னேன். கூட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

பிறகு விறாந்தையில் ராக்கம்மாவோடு என்னைத் தேடி வந்தார். பதினேழு மாதம் உள்ளே இருந்த மனுசன். சுற்றிலும் சட்டத்தரணிமாரும் பொலிஸ்காரரும். கும்பிட்டுவிட்டு, "ஐயா, வயிறு இப்ப தேவலீங்களா?" என்று உரத்துக் கேட்டார்.

சிவானந்தன் வேறு பக்கம் பார்த்தார்.

"ஓம் ராசா" என்றேன். "காலமை ஒழுங்காய்ப் போனது."

வீட்டுக்கு வந்து, மேசையில் இருந்து, சரோவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வசனமும் விடவில்லை.